இன்ஜின் ஏன் ‘மிஸ்’ ஆகிறது? ஒரு பீங்கான் விரிசல் சொன்ன பாடம்

விருத்தாசலத்திலிருந்து தினமும் ஒரே காரில் பள்ளிக்குப் போய்வரும் நான்கு ஆசிரியர்களில் நானும் ஒருவன். பெட்ரோல் செலவை நான்காகப் பங்கிட்டுக்கொள்வோம். பழைய வண்டிதான், நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். ஓர் ஐப்பசி மாதக் காலையில் மேம்பாலம் ஏறும்போது வண்டி இழுக்காமல் குலுங்கியது. சமதளத்தில் இறங்கியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே இடத்தில் அதே குலுக்கல். கூடவே ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மின்னத் தொடங்கியது.

மெக்கானிக்குகள் இதை “மிஸ்ஸிங்” என்பார்கள். “வண்டி மிஸ் அடிக்குது”, “மூணு சிலிண்டர்லதான் ஓடுது” என்றெல்லாம் சொல்வதை நாம் கேட்டிருப்போம். வண்டியை ஒரு பட்டறையில் விட்டோம். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் புதிதாக மாற்றினார்கள். இரண்டு நாளில் குலுக்கல் திரும்பிவந்தது. பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார்கள். சரியாகவில்லை. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார்கள். அப்போதும் சரியாகவில்லை. மூன்று வாரமும் நான்கு பேரின் பணமும் போனதுதான் மிச்சம். அடுத்து இக்னிஷன் காயில்கள் நான்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். அதன் விலையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

பிறகு சின்னதாகப் பட்டறை வைத்திருக்கும் இன்னொருவரிடம் போனோம். நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: “புதுசா எதையும் வாங்க வேண்டாம் சார். இருக்கிறதையே இடம் மாத்திப் போட்டுப் பார்ப்போம்.”

ஒரு மணி நேரத்துக்குள் பழுது இருந்த இடம் தெரிந்துவிட்டது. அவர் செய்தது நாம் அறிவியல் பாடத்தில் கற்பிக்கும் முறைதான் என்பது பட்டறையில் நின்றிருந்தபோது எனக்கு உடனே உறைக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன், இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உலக்கையும் சிலிண்டரும்

உரலில் மூன்று பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் உலக்கை இறங்கும்போது அடுத்தவர் உலக்கை ஏறும். தாளம் தப்பாது. ஒருவர் ஒரு போடு தவறவிட்டால் கண்ணை மூடிக்கொண்டிருப்பவருக்கும் தெரிந்துவிடும். தாளத்தில் எந்த இடத்தில் வெற்றிடம் விழுந்தது என்று கவனித்தால் தவறவிட்டவர் யார் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

நான்கு சிலிண்டர் இன்ஜினும் இப்படித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் நான்கு அசைவுகளில் ஒரு சுழற்சியை முடிக்கிறது. காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுப்பது, அதை அழுத்துவது, தீப்பொறியால் எரித்து அந்த விசையால் கீழே தள்ளப்படுவது, எரிந்த புகையை வெளியேற்றுவது. இந்த நான்கும் முடிய கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும், அதாவது 720 டிகிரி. நான்கு சிலிண்டர்கள் இருப்பதால் 180 டிகிரிக்கு ஒரு முறை ஏதாவது ஒரு சிலிண்டர் தண்டைத் தள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பாலான நான்கு சிலிண்டர் கார்களில் முதலாவது, மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்ற வரிசையில் சிலிண்டர்கள் எரியும். நம் ஊர்த் தெருக்களில் பல ஆண்டுகள் ஓடிய மாருதி 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் 240 டிகிரிக்கு ஒரு தள்ளல். அதனால்தான் அவற்றில் ஒரு சிலிண்டர் தவறினால் குலுக்கல் அதிகமாகத் தெரிகிறது. மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடுகிறதே!

மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்லலாம். இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றினால் ஒரு சிலிண்டர் எத்தனை முறை எரியும்? இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என்பதால் நிமிடத்துக்கு 1,000 முறை. எங்கள் 40 நிமிடப் பயணத்தில் ஒரு பிளக் 40,000 முறை தீப்பொறி தர வேண்டும். இதில் நூற்றுக்கு இரண்டு தவறினாலே கணினி கவனித்துவிடும்.

கணினி எப்படிக் கவனிக்கிறது? அதுவும் உலக்கைத் தாளம் கேட்கும் வேலைதான். கிராங்க் தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு பல்சக்கரம் உண்டு. பல வண்டிகளில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்கள் இருக்கும். விடுபட்ட இரண்டு பற்களின் இடைவெளி, சுற்று எங்கே தொடங்குகிறது என்பதற்கான அடையாளம். ஒவ்வொரு பல்லும் உணரியைக் கடக்க எடுக்கும் நேரத்தைக் கணினி அளந்துகொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியத் தவறினால் அந்த அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். அது எந்தச் சிலிண்டரின் முறை என்பதும் கணினிக்குத் தெரியும். ஸ்கேனரைச் செருகினால் ‘பி 0302’ என்று காட்டும். கடைசி எண் 2 என்றால் இரண்டாவது சிலிண்டர். ‘பி 0300’ என்று வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் அங்கும் இங்குமாகத் தவறுகிறது என்று பொருள். மிகவும் பள்ளமான சாலையில் சக்கரம் துள்ளுவதையும் மிஸ்ஸிங் என்று தப்பாக எண்ணிவிடாமலிருக்க, சில வண்டிகள் சக்கர உணரிகளையும் சேர்த்தே பார்க்கின்றன. நம் சாலைகளுக்கு அது தேவைதான்.

எங்கள் வண்டி காட்டியது பி 0302. முதல் பட்டறையிலும் அதைத்தான் பார்த்திருந்தார்கள். ஆனால் அந்த எண் பழுது இருக்கும் இடத்தை மட்டும்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இரண்டாவது சிலிண்டர் எரியவில்லை என்றால் தீப்பொறி சரியாக வராமல் இருக்கலாம், பெட்ரோல் சரியாக வராமல் இருக்கலாம், அல்லது வால்வோ பிஸ்டன் ரிங்கோ கசிந்து அழுத்தம் போதாமல் இருக்கலாம். மூன்றும் ஒரே அறிகுறியைத்தான் தரும்.

இடம் மாற்றிப் பார்த்தல்

அந்த மெக்கானிக் முதலில் எங்களிடம் கேட்டது, எப்போது குலுங்குகிறது என்பதைத்தான். நின்றபடி ஓடும்போது, அதாவது ‘ஐடிலிங்’கில், குலுங்கி வேகமெடுத்ததும் சரியானால் எங்காவது காற்று கசிந்து உள்ளே போகிறதா என்று முதலில் பார்ப்பாராம். பாரம் ஏறும்போது மட்டும் குலுங்கினால் தீப்பொறிப் பக்கம்தான் முதல் சந்தேகம். எங்களுடையது இரண்டாவது வகை.

பிறகு ஸ்கேனரில் பழைய குறியீட்டை அழித்தார். இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டார். மூன்றாவதினுடையதை இரண்டாவதில் போட்டார். வேறு எதையும் தொடவில்லை. மேம்பாலம் ஏறி இறங்கி வந்தோம். குறியீடு மறுபடியும் பி 0302. காயில் இடம் மாறியும் பழுது இடம் மாறவில்லை என்பதால் காயில் நல்ல நிலையில் இருக்கிறது. நாங்கள் வாங்க இருந்த நான்கு காயில்களின் பணம் அந்த நிமிடமே மிச்சமானது.

அடுத்து இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் பிளக்குகளை இடம் மாற்றினார். மறுபடியும் மேம்பாலம். இந்த முறை பி 0303. பழுது பிளக்கோடு சேர்ந்து மூன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது.

எங்களால் நம்ப முடியவில்லை. அது வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பிளக். மூன்று வாரமாக எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்ததற்கும் இதுதான் காரணம். பிளக் புதிது என்பதால் பிளக்கை யாரும் சந்தேகிக்கவில்லை. பழைய பிளக் தேய்ந்துபோனதால் முதலில் மிஸ் ஆகியிருக்க வேண்டும். புதிதாகப் போட்ட நான்கில் ஒன்று பழுதானதால் அது தொடர்ந்தது. அறிகுறி ஒன்றாகவே இருந்ததால், பிளக் மாற்றியும் பயனில்லை, காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஒருவேளை பிளக்கை மாற்றியும் குறியீடு இரண்டிலேயே நின்றிருந்தால் அடுத்து இன்ஜெக்டரை இடம் மாற்றியிருப்பார். அதிலும் நகராவிட்டால் கம்ப்ரஷன் கேஜ். பிளக் துளையில் அதைப் பொருத்தி இன்ஜினைச் சுற்றவைத்து ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பார்கள். ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால், அதில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அழுத்தம் ஏறினால் கசிவு பிஸ்டன் ரிங் வழியாக. ஆயில் அந்த இடுக்கை அடைத்துக்கொள்வதால் ஏறுகிறது. ஏறவில்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஒரு கரண்டி எண்ணெய் இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது.

டீசல் வண்டிக்கு இந்தக் கதை பொருந்தாது. அதில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அழுத்தத்தால் சூடான காற்றில் டீசல் தானாக எரிகிறது. அங்கே மிஸ்ஸிங் என்றால் பெரும்பாலும் இன்ஜெக்டரையும் அழுத்தத்தையும்தான் பார்க்க வேண்டும்.

மை தடவிப் பார்த்தது

அந்தப் பிளக்கைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. முனை இளம் பழுப்பாக, பிஸ்கட் நிறத்தில் இருந்தது; அது நல்ல எரிதலின் நிறம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய்ப் பசையோடு கறுப்பாக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு. அப்படி ஒன்றும் இல்லை. மறுநாள் பள்ளிக்கு எடுத்துச் சென்று ஒன்பதாம் வகுப்பு மேசையில் வைத்தேன்.

பிளக்கின் நடுவில் ஒரு உலோகக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான். அதற்கு வெளியே எஃகுக் கூடு. கூட்டிலிருந்து வளைந்துவரும் சிறு கொம்புக்கும் நடுக்கம்பிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதில்தான் தீப்பொறி தாண்டுகிறது. “இந்த வெள்ளை என்னன்னு தெரியுமா?” என்று கேட்டேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. “பீங்கான் சார், ப்யூஸ் கேரியர் மாதிரி” என்றார்கள். பழுது எங்கேயென்று கண்ணுக்குத் தெரியவில்லை என்றேன். ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய அம்மா பீங்கான் பட்டறையில் வேலை செய்பவர். “மை தடவித் துடைச்சுப் பாருங்க சார். அம்மா அப்படித்தான் பார்ப்பாங்க. கீறல் இருந்தா மை உள்ள போயிடும், துடைச்சாலும் வராது.”

நீல மையைத் தடவிச் சிறிது நேரம் விட்டுத் துடைத்தோம். எஃகுக் கூட்டுக்குச் சற்று மேலே, முடியைவிட மெல்லிய ஒரு நீலக் கோடு நின்றது. பிளக்கைப் பொருத்தும்போது ஸ்பேனர் சாய்ந்திருந்தால் இப்படி விரிசல் விழும் என்று அந்த மெக்கானிக் பிறகு சொன்னார். கீழே விழுந்த பிளக்கிலும் இது நடக்கலாம். அதே இடத்தில் பீங்கானைச் சுற்றி ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தத்தால் பீங்கானைச் சுற்றித் தூசும் எண்ணெய்த் துகளும் படிவதால் வரும் கறை அது, விரிசல் அல்ல. அதைப் பார்த்தே நல்ல பிளக்கைத் தூக்கிப்போடுபவர்கள் உண்டு.

மயிரிழை விரிசல் ஒரு காரை எப்படிக் குலுக்குகிறது? பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். காயிலின் முதன்மைச் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைக் கணினி சட்டென்று துண்டிக்கிறது. காந்தப்புலம் சரியும்போது முதன்மைச் சுருளிலேயே சில நூறு வோல்ட் எழுகிறது. துணைச் சுருளில் ஏறக்குறைய நூறு மடங்கு சுற்றுகள் இருப்பதால் அங்கே 20,000, 30,000 வோல்ட் வரை போகிறது. மேல்நிலை இயற்பியலில் நாம் நடத்தும் மின்காந்தத் தூண்டலின் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இவ்வளவு மின்னழுத்தம் எது எளிய வழியோ அதில் பாய்ந்துவிடும். இன்ஜின் சும்மா ஓடும்போது சிலிண்டரில் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. இடைவெளியைத் தாண்டுவது எளிது. மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கிறோம். காற்று நிறைய உள்ளே வருகிறது, அழுத்தம் கூடுகிறது. அடர்ந்த வாயுவில் தீப்பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும். அப்போது விரிசல் வழியாக எஃகுக் கூட்டுக்கு ஓடிவிடுவதே எளிதாகிவிடுகிறது. தீப்பொறி வெளியே பாய்கிறது. உள்ளே பெட்ரோல் எரியாமல் கிடக்கிறது. மழைக்காலத்தில் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். அடைமழை இரவில் மின்கம்பத்து இன்சுலேட்டர் பொறி பறக்கச் சீறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம்தான். மின்கம்பத்து இன்சுலேட்டரில் மடிப்பு மடிப்பாகப் பாவாடை போன்ற அமைப்பு இருக்கும். பல பிளக்குகளின் மேற்பகுதியிலும் அதே வரிவரியான மடிப்புகள் உண்டு. மின்சாரம் மேற்பரப்பில் ஓட வேண்டிய தூரத்தை இரண்டிலும் அவை நீட்டுகின்றன.

கோப்பையிலிருந்து பிளக் வரை

விருத்தாசலத்துப் பட்டறைகளில் பீங்கான் பொம்மைகளும் ப்யூஸ் கேரியர்களும் செய்கிறார்கள். பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் படிக்கவும் இங்கே அரசு நிறுவனம் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியோடு வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் கலந்து சூளையில் ஏறக்குறைய 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் மின் பீங்கான். வீட்டு மின்சாரத்தைத் தாங்க அது தாராளமாகப் போதும்.

ஆனால் பிளக்குக்கு அது போதவில்லை. 1902இல் ஜெர்மனியில் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் காட்லோப் ஹோனோல்ட் உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். அந்தக் காலத்துப் பிளக்குகளில் சாதாரணப் பீங்கானையும் அபிரகத்தையும் பயன்படுத்தினார்கள். எரியும் வாயு 2,000 டிகிரியைத் தாண்டும். அடுத்த நொடிக்குள் குளிர்ந்த புதுக் கலவை வந்து மோதும். சாதாரணப் பீங்கான் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் முனையிலேயே சூடு தேங்கி வெடிக்கும். 1930களில் அலுமினாவுக்கு மாறத் தொடங்கினார்கள். பாக்சைட்டிலிருந்து கிடைக்கும் அதே அலுமினியம் ஆக்சைடுதான். இன்றைய பிளக் பீங்கானில் பெரும்பகுதி அலுமினா. ஏறக்குறைய 1,600 டிகிரியில் சுடுகிறார்கள். வெப்பத்தை மின் பீங்கானைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்தும். பிளக் முனை சுமார் 500 டிகிரிக்குமேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 800ஐத் தாண்டினால் தீப்பொறிக்கு முன்பே அந்தச் சூடே கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த எல்லைகளுக்குள் முனையை வைத்திருப்பது அந்த வெள்ளைப் பகுதியின் நீளமும் வடிவமும்தான். அதனால்தான் ஒரு வண்டியின் பிளக்கை இன்னொரு வண்டியில் கண்டபடி போடக்கூடாது என்கிறார்கள்.

பீங்கான் ஊர்ப் பிள்ளைகளிடம் நான் கட்டாயம் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜப்பானில் நகோயா நகரத்தில் 1904இல் தேநீர்க் கோப்பையும் தட்டும் செய்ய ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் நோரிடாகே. அதிலிருந்து 1919இல் மின்கம்ப இன்சுலேட்டர் செய்யும் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிந்தது. அதிலிருந்து 1936இல் ஸ்பார்க் பிளக் செய்யும் பிரிவு இன்னொரு நிறுவனமாயிற்று. உதிரிபாகக் கடைகளில் நாம் பார்க்கும் என்.ஜி.கே. பிளக் அதுதான். அந்த மூன்று எழுத்துகளில் நடுவில் இருப்பது ‘காய்ஷி’, இன்சுலேட்டர் என்று பொருள். கோப்பையிலிருந்து பிளக்குக்கு 32 ஆண்டுகள்.

எரியாத பெட்ரோல் எங்கே போகிறது?

மின்னிய அந்த மஞ்சள் விளக்குக்கு வருவோம். இதை எல்லா ஆசிரியர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். அந்த விளக்கு மின்னாமல் ஒரேயடியாக எரிந்தால், சீக்கிரம் பட்டறையில் காட்டச் சொல்கிறது. மின்னினால், இப்போதே வேகத்தைக் குறை, முடிந்தால் ஓரமாக நிறுத்து என்கிறது.

எரியாத பெட்ரோலும் காற்றும் புகைக்குழாய் வழியாக அப்படியே கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போகின்றன. அதன் உள்ளே இருப்பதும் பீங்கான்தான்! தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட கார்டியரைட் என்ற பீங்கான். களிமண், டால்க், அலுமினா முதலியவற்றால் செய்யப்பட்டது. அதன் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசப்பட்டிருக்கும். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது. வெப்பநிலை 1,000 டிகிரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் முதலில் பூச்சு செயலிழக்கும், பிறகு தேன்கூடே உருகி அடைத்துக்கொள்ளும். பிளக் சில நூறு ரூபாய். கன்வெர்டர் பல ஆயிரம். ஒரு பீங்கானில் விழுந்த மயிரிழை விரிசல் இன்னொரு பீங்கானை உருக்கிவிடக்கூடும். விளக்கு மின்ன மின்ன நாங்கள் மூன்று வாரம் ஓட்டியிருக்கிறோம். கன்வெர்டர் தப்பியது எங்கள் சாமர்த்தியத்தால் அல்ல. எங்கள் வழியில் ஒரே ஒரு மேம்பாலம் இருந்ததால்.

ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எது மிஸ் ஆகிறது என்று பார்க்கும் பழைய முறையை இப்போதைய வண்டிகளில் செய்யக்கூடாது. கன்வெர்டருக்குப் பச்சைப் பெட்ரோல் போகும், காயில் கெடும், கைக்கும் ஆபத்து.

வகுப்பறைக்கு

பட்டறைகளில் கேட்டால் பழைய பிளக்குகளை இலவசமாகவே தருவார்கள். பத்துப் பன்னிரண்டு போதும். மாணவர்கள் முனையின் நிறத்தைப் பார்த்து வகைப்படுத்தட்டும். ஒவ்வொன்றுக்கும் காரணம் ஊகித்து எழுதட்டும். உடைந்த ப்யூஸ் கேரியர், மண் அகல், பிளக் மூன்றையும் பக்கத்தில் வைத்து மை சோதனை செய்யட்டும். மெருகு இல்லாத அகல் மையை முழுவதுமாக உறிஞ்சும். நன்றாகச் சுட்ட, மெருகிட்ட பீங்கான் உறிஞ்சாது. அந்த வேறுபாட்டிலிருந்தே நுண்துளைப் பாடத்தைத் தொடங்கலாம். மாணவர்களை ஓடும் இன்ஜின் அருகே மட்டும் விட வேண்டாம்.

தொடக்கப் பள்ளிக்கு டார்ச் லைட் போதும். ஒரே மாதிரியான மூன்று டார்ச்சுகள். ஒன்றில் தீர்ந்துபோன செல், இன்னொன்றில் எரிந்துபோன பல்பு, மூன்றாவது நல்லது. புதுச் செல்லோ புதுப் பல்போ தராமல், இருப்பதை இடம் மாற்றியே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒரு விதிதான்: ஒரு முறைக்கு ஒரு பொருளை மட்டுமே மாற்ற வேண்டும். நான் நான்காம் வகுப்பில் செய்துபார்த்தபோது, முதலில் எல்லாக் குழந்தைகளும் செல்லையும் பல்பையும் ஒன்றாகவே மாற்றினார்கள். டார்ச் எரிந்தது, எது கெட்டது என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை. முதல் பட்டறை செய்ததும் ஏறக்குறைய இதுதான். நான்கு பிளக்கையும் ஒரே மூச்சில் மாற்றியதால் எது கெட்டது என்று தெரிந்துகொள்ளும் வழியே இல்லாமல் போயிற்று.

அதே வகுப்பில் ஒரு சிறுவன் கழித்தல் கணக்கில் தொடர்ந்து தவறு செய்துகொண்டிருந்தான். 52இலிருந்து 27ஐக் கழித்தால் 35 என்று எழுதுவான். அவனுக்கு மறுபடியும் முதலிலிருந்து பாடம் நடத்தலாம் என்றார் வகுப்பாசிரியர். 57இலிருந்து 22ஐக் கழிக்கச் சொல்லிப் பார்த்தோம். 35 என்று சரியாகச் செய்தான். எண்களை மட்டும் இடம் மாற்றினோம், வேறு எதையும் மாற்றவில்லை. அவனுக்குக் கழிக்கத் தெரியும். கடன் வாங்க வேண்டிய இடம் வந்தால் மட்டும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்துவிடுகிறான். எங்கள் கார் மேம்பாலத்தில் மட்டும் குலுங்கியதுபோல. பத்துப் பத்துக் குச்சிகளாகக் கட்டிய கட்டுகளைக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னோம். நடத்த வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

அந்தப் பிளக் இப்போது எங்கள் ஆய்வகத்தில் ப்யூஸ் கேரியர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீலக் கோடு மங்கவில்லை. புதுப் பிளக்கை நானே பொருத்தினேன். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, முதலில் கையாலேயே மரையில் ஏற்றி, வாஷர் உட்காரும்வரை திருகி, அதன் பிறகே ஸ்பேனரை நேராகப் பிடித்துச் சுமார் அரைச் சுற்று. எத்தனை இறுக்கம் என்பதை வண்டியின் கையேட்டில் போட்டிருக்கிறார்கள். போடும் முன் நான்கு பிளக்குக்கும் மை தடவிப் பார்த்தேன். பட்டறையில் இருந்தவர்கள் கொஞ்சம் சிரித்தார்கள்.